பழைய கணினிகளில் அச்சுப்பொறிப் பழுதறிதல்

பழைய கணினிகளில் அச்சுப்பொறிப் பழுதறிதல் என்பது, உற்பத்தியாளரின் ஆதரவு முடிந்துபோன கணினியிலோ இயங்குதளத்திலோ இணைக்கப்பட்ட அச்சுப்பொறி அச்சிடாதபோது, அதற்கான காரணத்தைப் படிப்படியாகக் கண்டறிந்து சரிசெய்யும் முறை ஆகும். விண்டோஸ் 98, விண்டோஸ் எக்ஸ்பி, விண்டோஸ் 7 ஆகியவை இயங்கும் கணினிகள் இவ்வகையில் அடங்கும். இவற்றுக்கான மைக்ரோசாப்டின் ஆதரவு முறையே 2006 சூலை, 2014 ஏப்ரல், 2020 சனவரி ஆகிய மாதங்களில் முடிவுற்றது. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொது ஆதரவும் 2025 அக்டோபரில் முடிவுற்றதால் பழைய கணினிகளின் வரிசை மேலும் நீண்டுள்ளது.

இத்தகைய பழுதுகளில் பலவற்றில் எந்த உறுப்பும் உடைந்திருப்பதில்லை. கணினி நலமாக இருக்கும். அச்சுப்பொறியும் நலமாக இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று புரிந்துகொள்வதற்கான மென்பொருள் மட்டும் இல்லாமலோ பொருந்தாமலோ இருக்கும். எனவே பழுது எந்த இடத்தில் உள்ளது என்று முதலில் அறிவது, நல்ல கருவிகள் குப்பைக்குப் போவதைத் தடுக்கிறது. பொதுவான முறைகளோடு, தமிழ் ஆவணங்களை அச்சிடுவதில் எழும் தனிச் சிக்கல்களும், கடலூர் மாவட்டத்திலுள்ள நெய்வேலி நகரியத்தின் சூழல் எடுத்துக்காட்டாகவும் கீழே விளக்கப்படுகின்றன.

அச்சிடும் செயற்பாடு

ஒரு பக்கம் அச்சாவதற்குத் தரவு பின்வரும் படிகளைக் கடக்கிறது:

1. பயன்பாட்டு மென்பொருள் (சொற்செயலி, கணக்கு நிரல் போன்றவை) பக்கத்தை உருவாக்குகிறது.
2. இயக்கி (பேச்சு வழக்கில் டிரைவர்) அப்பக்கத்தை அச்சுப்பொறிக்குத் தெரிந்த மொழியில் மாற்றுகிறது.
3. அச்சு வரிசை (ஸ்பூலர்) அத்தரவை வன்தட்டில் சேமித்து, முறைவைத்து அனுப்புகிறது.
4. கணினியின் துறை (போர்ட்) வழியாகத் தரவு வெளியேறுகிறது.
5. வடம் (கேபிள்) அதனைக் கொண்டு செல்கிறது.
6. அச்சுப்பொறி அதனைப் பெற்றுத் தாளில் பதிக்கிறது.

இவை ஒரு சங்கிலியின் கண்ணிகளைப் போன்றவை. பழுதறிதலின் அடிப்படை விதி, சங்கிலியைக் கடைசிக் கண்ணியிலிருந்து பின்னோக்கிச் சோதிப்பதாகும். அச்சுப்பொறி தனியாக அச்சிட்டால் குறை அதற்கு முன்னால் உள்ளது. தனியாகவும் அச்சிடாவிட்டால் கணினியில் எதை மாற்றினாலும் பயனில்லை. பலரும் முதலிலேயே இயக்கியை நீக்கி மீண்டும் நிறுவத் தொடங்குகின்றனர். பழைய கணினியில் இது இடரானது. நீக்கிய இயக்கியின் குறுந்தகடு தொலைந்திருந்தால் அதனை மீண்டும் பெறுவது எளிதன்று.

அச்சுப்பொறி மொழிகள்

அச்சுப்பொறிகள் கணினியிடமிருந்து கட்டளைகளைக் குறிப்பிட்ட மொழிகளில் பெறுகின்றன. எப்சன் நிறுவனம் தன் டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறிகளுக்கு உருவாக்கிய மொழி இஎஸ்சி/பி எனப்படும். எச்பி நிறுவனத்தின் பிசிஎல் மொழியும் அடோபி நிறுவனத்தின் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியும் 1984ஆம் ஆண்டில் வெளிவந்தன. இம்மொழிகளை அறிந்த அச்சுப்பொறிகளுக்கு அவற்றுக்கே உரிய இயக்கி கிடைக்காவிட்டாலும், அதே மொழி பேசும் வேறொரு மாதிரியின் இயக்கி பெரும்பாலும் போதுமானது.

விலையைக் குறைக்கும் பொருட்டு, மொழியறிவு ஏதுமின்றி உருவாக்கப்பட்ட அச்சுப்பொறிகளும் உள்ளன. இவற்றில் பக்கத்தைப் புள்ளிகளாக மாற்றும் வேலை முழுவதையும் கணினியே செய்கிறது. இந்தியாவில் பரவலாக விற்பனையான எச்பி லேசர்ஜெட் 1020, கேனன் எல்பிபி 2900 ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. லேசர்ஜெட் 1020 அச்சுப்பொறி தன் உள்மென்பொருளைக்கூட நிலையாக வைத்திருப்பதில்லை. மின்சாரம் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் கணினியிலுள்ள இயக்கியே அதனை அனுப்ப வேண்டும். எனவே உரிய இயக்கி இல்லாத கணினியில் இந்த அச்சுப்பொறி விளக்கு எரிந்தும் வேலை செய்யாது. இதனைப் பழுதென்று எண்ணுவது பொதுவான தவறாகும்.

இணைப்பு முறைகளின் வரலாறு

சென்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1970ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய அச்சுப்பொறியின் இணைப்பு முறையே பிற்காலத்தில் இணைநிலைத் துறையாக (பேரலல் போர்ட்) வளர்ந்தது. 1981இல் வெளிவந்த ஐபிஎம் தனிக்கணினி, கணினிப் பக்கத்தில் 25 முனைகளைக் கொண்ட இணைப்பியைப் பயன்படுத்தியது. அச்சுப்பொறிப் பக்கத்தில் 36 முனைகள் கொண்ட இணைப்பியே நீடித்தது. 1994ஆம் ஆண்டில் இம்முறை ஐஇஇஇ 1284 என்னும் தரமாக வரையறுக்கப்பட்டது.

யூஎஸ்பி முறையின் முதற்பதிப்பு 1996இல் வெளியானது. விண்டோஸ் 98 அதனை ஓரளவு முழுமையாக ஆதரித்தது. 2000களின் பிற்பகுதியில் புதிய கணினிகளில் இணைநிலைத் துறை அருகியது. ஆயினும் பற்றுச்சீட்டு, சரக்குச் சீட்டு, பல படிகள் கொண்ட கார்பன் படிவம் ஆகியவற்றை அச்சிடும் டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறிகளில் அத்துறை தொடர்ந்தது. எப்சன் நிறுவனத்தின் எல்எக்ஸ் வரிசையும், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டிவிஎஸ் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் எம்எஸ்பி வரிசையும் தமிழ்நாட்டுக் கடைகளிலும் அலுவலகங்களிலும் நன்கு அறியப்பட்டவை.

பழுதறியும் படிமுறை

அச்சுப்பொறியைத் தனியாகச் சோதித்தல்

கணினியுடனான வடத்தைக் கழற்றிவிட்டு அச்சுப்பொறியின் தற்சோதனையை இயக்க வேண்டும். டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறிகள் பலவற்றில், தாளை வரிவரியாக நகர்த்தும் பொத்தானை அழுத்தியபடியே மின்சாரம் கொடுத்தால் தற்சோதனை தொடங்கும். லேசர் அச்சுப்பொறிகளில் முன்பலகைப் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் சோதனைப் பக்கம் வெளிவருவது வழக்கம். சரியான முறை அந்தந்த மாதிரியின் கையேட்டில் இருக்கும்.

தற்சோதனைப் பக்கம் தெளிவாக இருந்தால் அச்சுப்பொறியின் பொறிப்பகுதி நலமாக உள்ளது. மங்கலாக இருந்தால் நாடா, மை, டோனர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். எழுத்துகளின் குறுக்கே ஒரே உயரத்தில் வெள்ளைக் கோடு தொடர்ந்தால் அச்சுத்தலையின் ஊசிகளுள் ஒன்று வேலை செய்யவில்லை என்று பொருள்.

வடத்தையும் துறையையும் சோதித்தல்

இணைநிலை வடத்தைப் பொருத்தும்போதும் கழற்றும்போதும் இரு கருவிகளின் மின்சாரத்தையும் நிறுத்திவிட வேண்டும். அத்துறை மின்னோட்டத்தின்போது கழற்றுவதற்காக வடிவமைக்கப்பட்டதன்று. அவ்வாறு செய்தால் தாய்ப்பலகையிலுள்ள துறை கெட்டுவிடக்கூடும். வடத்தின் இரு முனைகளிலும் வளைந்த ஊசிகள் உள்ளனவா என்று பார்த்து, திருகுகளை இறுக்க வேண்டும். தரம் குறைந்த வடங்கள் மூன்று மீட்டருக்கு மேல் நீண்டால் எழுத்துகள் சிதைந்து அச்சாகலாம்.

யூஎஸ்பி வடமாயின், கணினியின் பின்புறமுள்ள துறையில் நேரடியாகச் செருகிப் பார்க்க வேண்டும். பழைய கணினிகளின் முன்பக்கத் துறைகளும் மின்னூட்டமற்ற பிரிப்பான்களும் போதிய மின்னழுத்தத்தைத் தராமல் போவதுண்டு. விண்டோஸில் ஒரே அச்சுப்பொறியை வேறு யூஎஸ்பி துறைக்கு மாற்றினால், இயங்குதளம் அதனைப் புதிய அச்சுப்பொறியாகக் கருதி இரண்டாவது படியை உருவாக்கலாம். அப்போது பழைய பெயருக்கு அனுப்பிய ஆவணங்கள் வெளிவராமல் தேங்கும். அச்சுப்பொறிப் பட்டியலில் 'படி 1' என்பது போன்ற பெயர் இருந்தால் அதனையே முதன்மை அச்சுப்பொறியாக அமைக்க வேண்டும்.

அடிப்படை அமைப்பைச் சோதித்தல்

இணைநிலைத் துறையை இயக்குவதும் நிறுத்துவதும் பயாஸ் என்னும் அடிப்படை அமைப்பில் உள்ளது. அங்கு எஸ்பிபி, இபிபி, இசிபி என மூன்று செயல்முறைகள் காணப்படும். மிகப் பழைய அச்சுப்பொறிகளுக்கு எஸ்பிபி பொருத்தமானது. முதல் துறையின் வழக்கமான முகவரி பதினறும எண்ணில் 378 ஆகும். அதன் குறுக்கீட்டு எண் 7 ஆகும்.

இந்த அமைப்புகளை நினைவில் வைத்திருப்பது தாய்ப்பலகையிலுள்ள சிறிய 3 வோல்ட் மின்கலம். அது தீர்ந்துவிட்டால் அமைப்புகள் தொடக்க நிலைக்குத் திரும்பிவிடும். நாள்காட்டியும் பல ஆண்டுகள் பின்னால் போகும். நேற்றுவரை அச்சிட்ட கணினி இன்று அச்சிடாமல், அதன் கடிகாரமும் தவறாக இருந்தால் முதலில் ஐயுற வேண்டியது இம்மின்கலத்தையே. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு இதனை மாற்றுவது எளிது, செலவும் குறைவு.

அச்சு வரிசையைச் சோதித்தல்

சிதைந்த ஒரே ஓர் ஆவணம் வரிசையின் தலைப்பில் நின்றுகொண்டு பின்வரும் அனைத்தையும் தடுக்கக்கூடும். அதனை நீக்க முயன்றாலும் 'நீக்கப்படுகிறது' என்ற நிலையிலேயே அது நிற்கும். விண்டோஸ் எக்ஸ்பியிலும் அதற்குப் பிந்தியவற்றிலும் நிர்வாகக் கருவிகளிலுள்ள சேவைகள் பட்டியலில் 'பிரிண்ட் ஸ்பூலர்' சேவையை நிறுத்தி, அமைப்புக் கோப்புறையினுள் உள்ள ஸ்பூல் கோப்புறையின் 'பிரிண்டர்ஸ்' உட்கோப்புறையில் தேங்கிய கோப்புகளை அழித்து, சேவையை மீண்டும் தொடங்க வேண்டும். கோப்புறையை அழிக்கக் கூடாது. அதனுள் உள்ள கோப்புகளை மட்டுமே அழிக்க வேண்டும்.

வன்தட்டில் இடமில்லாமையும் இதே அறிகுறியைத் தரும். படங்கள் நிறைந்த ஒரு பக்கம் புள்ளிகளாக மாறும்போது மூலக்கோப்பைவிடப் பன்மடங்கு பெரிதாகும். 20 அல்லது 40 கிகாபைட்டு வன்தட்டு கொண்ட கணினிகளில் சி இயக்ககம் நிறைந்துவிட்டால் வரிசை செயலற்றுப் போகும்.

இயக்கியைச் சோதித்தல்

மேற்கண்ட அனைத்தும் சரியாக இருந்தால் மட்டுமே இயக்கியை மாற்ற வேண்டும். அப்போது கவனிக்க வேண்டியவை:

1. இயங்குதளம் 32 பிட்டா, 64 பிட்டா என்பதை அறிய வேண்டும். ஒன்றுக்கான இயக்கி மற்றொன்றில் வேலை செய்யாது.
2. எக்ஸ்பி கணினியின் உலாவிகளால் இக்கால இணையத்தளங்களின் பாதுகாப்பு முறைகளைக் கையாள இயலாமையால், உற்பத்தியாளரின் தளம் திறக்காமல் போகலாம். வேறொரு கணினியில் பதிவிறக்கி விரலியில் (பென் டிரைவ்) கொண்டுவருவது எளிது. விரலி ஃபேட்32 முறையில் வடிவமைக்கப்பட்டிருக்க வேண்டும். விண்டோஸ் 98 கணினி விரலியைத் தானாக அறியாது. அதற்குக் குறுந்தகடே ஏற்றது.
3. உரிய இயக்கி கிடைக்காவிட்டால் மாற்று இயக்கியை முயலலாம். எப்சன் மொழியறிந்த டாட் மேட்ரிக்ஸ் கருவிகளுக்கு எப்சன் எல்எக்ஸ் அல்லது எஃப்எக்ஸ் வரிசை இயக்கியும், பிசிஎல் அறிந்த லேசர் கருவிகளுக்கு எச்பி லேசர்ஜெட் 4 இயக்கியும் பெரும்பாலும் பொருந்தும். மேலே கூறிய மொழியறிவற்ற அச்சுப்பொறிகளுக்கு இம்முறை பயன்படாது.
4. முகம் தெரியாத இயக்கித் தளங்களிலிருந்து கோப்புகளைப் பெறுவது தீநிரல்களுக்கு வழிவகுக்கும்.

அறிகுறிகளும் காரணங்களும்

அச்சுப்பொறி எதுவும் செய்யவில்லை. வரிசையில் ஆவணம் நிற்கிறது: தவறான துறை, கழன்ற வடம், அச்சுப்பொறி இணைப்பு விலகிய நிலை, அல்லது தேங்கிய வரிசை.

வரிசையிலிருந்து ஆவணம் மறைகிறது. தாள் வரவில்லை: ஆவணம் வேறொரு பெயருக்கோ பயன்படாத துறைக்கோ போகிறது.

பக்கம் பக்கமாகப் பொருளற்ற குறிகள் வருகின்றன: இயக்கியின் மொழியும் அச்சுப்பொறியின் மொழியும் வேறுபடுகின்றன, அல்லது வடத்தில் தரவு சிதைகிறது. இதனைப் பிரித்தறிய, ஒரே ஆவணத்தை இருமுறை அச்சிட வேண்டும். பிழை இருமுறையும் ஒன்றாகவே இருந்தால் இயக்கியும், மாறி மாறி வந்தால் வடமும் காரணமாகும்.

பாதிப் பக்கத்தோடு நின்றுவிடுகிறது: அச்சுப்பொறியின் நினைவகம் போதவில்லை. தெளிவின் அளவைக் குறைத்து அச்சிட வேண்டும்.

ஆங்கிலம் சரியாக வருகிறது. தமிழ் மட்டும் சிதைகிறது: எழுத்துருச் சிக்கல். இது அடுத்த பகுதியில் விளக்கப்படுகிறது.

தமிழ் ஆவணங்களை அச்சிடுதல்

டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறிகளின் உள்ளே இலத்தீன் எழுத்துகளின் வடிவங்கள் நிலையாகப் பதிக்கப்பட்டிருக்கும். தமிழ் எழுத்துகள் பொதுவாக இருப்பதில்லை. ஆகவே தமிழை அச்சிட, கணினி ஒவ்வோர் எழுத்தையும் படமாக மாற்றி அனுப்ப வேண்டும். மாற்று இயக்கியாக வெற்று உரை இயக்கியைத் தேர்ந்தெடுத்தால் ஆங்கிலப் பற்றுச்சீட்டு விரைவாக வரும், தமிழ் வராது. விண்டோஸுக்கு முந்திய காலத்தில் இத்தேவைக்காகவே சி-டாக் நிறுவனம் ஜிஸ்ட் என்னும் வன்பொருள் அட்டையை வழங்கியது. கணினியினுள் பொருத்தப்பட்ட அவ்வட்டை இந்திய மொழி எழுத்துகளைக் கையாண்டது.

இரண்டாவது சிக்கல் குறியாக்கம் ஆகும். 1990களில் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு குறியாக்கத்தைக் கொண்டிருந்தன. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு டாம், டாப் ஆகிய குறியாக்கங்களை ஏற்றது. இணையக் குழுக்களிடையே டிஸ்கி குறியாக்கம் புழங்கியது. 2010 சூனில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும், அனைத்தெழுத்துக் குறியாக்கமாகிய டேஸ் 16 முறையையும் தரங்களாக ஏற்றது.

இவ்வரலாற்றின் விளைவைப் பழைய கணினியில் நேரடியாகக் காணலாம். பாமினி போன்ற எழுத்துருவில் தட்டப்பட்ட ஆவணம், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும் கலந்த பொருளற்ற தொடராகத் தெரியும். திரையில் சரியாகத் தெரிந்து தாளில் மட்டும் சிதைந்தால், இயக்கி அவ்வெழுத்துருவுக்குப் பதிலாக அச்சுப்பொறியின் உள்ளெழுத்துருவைப் பயன்படுத்துகிறது என்று பொருள். இயக்கியின் உயர்நிலை அமைப்புகளில் எழுத்துருவைப் படமாக அனுப்பும் தெரிவை இயக்கினால் இது தீரும். பிடிஎஃப் கோப்பாயின் அடோபி ரீடரில் 'படமாக அச்சிடு' என்னும் தெரிவு இதே பயனைத் தரும்.

ஒருங்குறி ஆவணங்களில் சிக்கல் தலைகீழாக அமைகிறது. விண்டோஸ் 2000 முதற்கொண்டே விண்டோஸில் லதா எழுத்துருவுடன் தமிழ் ஒருங்குறி ஆதரவு கிடைத்தது. எக்ஸ்பியில் அதனை வட்டார அமைப்புகளில் தனியே இயக்க வேண்டியிருந்தது. அவ்வாறு இயக்காத கணினியில் 'கெ' என்னும் எழுத்தின் கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் நிற்கும். இது அச்சுப்பொறியின் குறையன்று. வட்டார அமைப்பில் சிக்கலான எழுத்து முறைகளுக்கான ஆதரவை நிறுவினால், எழுத்துகள் திரையிலும் தாளிலும் ஒருங்கே சரியாகும்.

பழைய குறியாக்கங்களில் உள்ள ஆவணங்களை ஒருங்குறிக்கு மாற்றிச் சேமித்தல் நீண்டகாலத் தீர்வாகும். பள்ளி மலர்கள், சங்கக் கணக்குகள், குடும்ப வரலாறுகள் போன்ற பல தமிழ் எழுத்துகள் இன்றும் பழைய கணினிகளின் வன்தட்டுகளில் மட்டுமே உள்ளன. அவற்றைத் திறக்கும் எழுத்துருவும் அக்கணினியிலேயே இருக்கும். அச்சுப்பொறி வேலை செய்யவில்லை என்ற காரணத்துக்காகக் கணினியைக் கழிப்பதற்கு முன், ஆவணங்களையும் எழுத்துருக் கோப்புகளையும் படியெடுத்துக்கொள்வது இன்றியமையாதது.

டாஸ் கால நிரல்கள்

டாஸ் காலத்துக் கணக்கு நிரல்கள் அச்சுத் தரவை எல்பிடி 1 என்னும் இணைநிலைத் துறைக்கு நேரடியாக அனுப்பின. அச்சுப்பொறி யூஎஸ்பி வழியாக இணைக்கப்பட்டால் அந்நிரல்களுக்கு அது தெரியாது. யூஎஸ்பி முனையை இணைநிலை முனையாக மாற்றும் வடத்தை வாங்கினாலும் சிக்கல் தீராது. அவ்வடமும் யூஎஸ்பி அச்சுத் துறையாகவே தன்னை அறிவிக்கிறது. இதற்குத் தீர்வு, அச்சுப்பொறியை அதே கணினியில் பகிர்வுக்கு உட்படுத்தி, 'நெட் யூஸ்' கட்டளையின் மூலம் எல்பிடி 1 துறையை அப்பகிர்வுக்குத் திருப்பிவிடுவதாகும். டாஸ் நிரல்கள் 64 பிட்டு விண்டோஸில் இயங்கா. எனவே அந்நிரல் தேவைப்படும்வரை பழைய 32 பிட்டுக் கணினியையும் காக்க வேண்டியுள்ளது.

வலையமைப்பில் பகிர்தல்

விண்டோஸ் எக்ஸ்பி கணினி, கோப்புகளையும் அச்சுப்பொறிகளையும் பகிர எஸ்எம்பி நெறிமுறையின் முதற்பதிப்பைப் பயன்படுத்துகிறது. பாதுகாப்புக் குறைபாடுகளால் 2017இல் வெளிவந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து அப்பதிப்பு இயல்பாக நிறுவப்படுவதில்லை. ஆகவே எக்ஸ்பி கணினியும் புதிய கணினியும் ஒரே வலையமைப்பில் இருந்தும் ஒன்றின் அச்சுப்பொறி மற்றொன்றுக்குத் தெரியாது. பழைய நெறிமுறையை மீண்டும் இயக்குவதைவிட, வலையமைப்பு வசதியுள்ள அச்சுப்பொறிக்கு அதன் இணைய நெறிமுறை முகவரி வழியாக நேரடியாக அனுப்புவது பாதுகாப்பானது. எக்ஸ்பி கணினியை இணையத்தோடு இணைக்காமல் வைத்திருப்பதும் நன்று.

நெய்வேலி நகரியத்தின் சூழல்

நெய்வேலி நகரியம், 1956ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனத்தால் தன் ஊழியர்களுக்காக அமைக்கப்பட்ட குடியிருப்பு நகரமாகும். இந்நிறுவனம் 2016 முதல் என்எல்சி இந்தியா என்னும் பெயரில் இயங்குகிறது. நகரியம் வட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. வீடுகள், பள்ளிகள், நகலெடுக்கும் கடைகள் எனக் கணினி புழங்கும் இடங்கள் இங்கும் பிற ஊர்களைப் போலவே உள்ளன. ஆயினும் இவ்வூரின் இயற்கைச் சூழல் அச்சுப்பொறிகளுக்குச் சில சோதனைகளை வைக்கிறது.

முதலாவது தூசி. இப்பகுதி செம்மண் நிலம். அருகிலேயே திறந்தவெளிச் சுரங்கங்கள் உள்ளன. நுண்ணிய தூசி, தாளை இழுக்கும் இரப்பர் உருளைகளில் படிந்தால் அவை வழுக்கி, தாள் இல்லாதது போன்ற பிழைச்செய்தி தோன்றும். சற்றே ஈரமான துணியால் உருளையைத் துடைத்து உலரவிட்டால் இக்குறை நீங்குவதுண்டு. பயன்படுத்தாதபோது துணியுறை இடுவது நன்று. ஆனால் சூடான லேசர் அச்சுப்பொறியின் மீது உடனே உறையிடக் கூடாது.

இரண்டாவது வெப்பமும் ஈரமும். கோடையில் இங்க்ஜெட் அச்சுப்பொறியின் மைத்துளைகள் காய்ந்து அடைத்துக்கொள்ளும். வாரம் ஒரு முறையேனும் ஒரு வண்ணப் பக்கத்தை அச்சிடுவது அடைப்பைத் தவிர்க்கும். அக்டோபர் முதல் திசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தாள் ஈரத்தை உறிஞ்சி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். லேசர் அச்சுப்பொறியில் அது சுருண்டு சிக்கும். தாள் கட்டைப் பிரித்த உறையிலேயே மூடி வைப்பதும், தட்டில் தேவையான அளவு மட்டும் இடுவதும் எளிய காப்பு முறைகள்.

மூன்றாவது புயலும் மின்தடையும். 2011 திசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. கடலூர் மாவட்டத்தின் மின்கட்டமைப்பு பெருஞ்சேதமுற்றது. நெய்வேலியில் ஏராளமான மரங்கள் சாய்ந்தன. இத்தகைய நீண்ட மின்தடைகளுக்கும் அச்சுப்பொறிப் பழுதுகளுக்கும் தொடர்புண்டு. கணினி மின்னிணைப்பில் இருக்கும்வரை தாய்ப்பலகையின் மின்கலம் பெரிதும் செலவாவதில்லை. பல நாட்கள் மின்சாரம் இல்லாதபோது நலிந்த மின்கலம் தீர்ந்து, முன்னர்க் கூறியவாறு துறை அமைப்புகள் அழிந்துவிடுகின்றன. மேலும், மின்சாரம் திரும்பும் வேளையில் ஏற்படும் மின்னழுத்த ஏற்றத்தாழ்வு கருவிகளைச் சேதப்படுத்தும். புயல் எச்சரிக்கை வந்ததும் செருகிகளைக் கழற்றிவிடுவதே இரண்டுக்கும் இடையே தேர்ந்தெடுக்கத்தக்க நல்வழி. மின்கலத்தை மாற்றுவது மலிவானது. தாய்ப்பலகையை மாற்றுவது அவ்வாறன்று.

லேசர் அச்சுப்பொறியைச் சிறிய யூபிஎஸ் கருவியில் இணைக்கக் கூடாது. மையைத் தாளில் உருக்கிப் பதிக்கும் பகுதி சூடேறும்போது பல நூறு வாட்டு மின்சாரத்தைத் திடீரென இழுப்பதால் யூபிஎஸ் நின்று, கணினியும் அணைந்துவிடும்.

இயக்கி என்னும் உதிரிப்பாகம்

நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் சோவியத் ஒன்றியத்தின் ஒத்துழைப்புடன் கட்டப்பட்டு 1962ஆம் ஆண்டில் மின்னுற்பத்தியைத் தொடங்கியது. 600 மெகாவாட்டு திறன் கொண்ட அந்நிலையம் 2020ஆம் ஆண்டில்தான் ஓய்வு பெற்றது. அதனைக் கட்டித்தந்த நாடு 1991இல் இல்லாமற்போன பின்னரும் நிலையம் ஏறத்தாழ மூன்று பத்தாண்டுகள் இயங்கியது. பேரளவு இயந்திரங்களின் உதிரிப்பாகங்களை அளந்து, வரைந்து, பட்டறையில் மீண்டும் செய்ய முடியும். அச்சுப்பொறியின் இரப்பர் உருளைக்கும் நாடாவுக்கும் கூட இது பொருந்தும். ஆனால் இயக்கி என்னும் பாகத்தை எந்தப் பட்டறையிலும் கடைந்தெடுக்க இயலாது. அதன் மூலநிரல் உற்பத்தியாளரிடம் மட்டும் இருந்தால், அவர் கைவிடும் நாளில் அச்சுப்பொறியின் ஆயுளும் முடிகிறது.

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் வரலாற்றில் இதற்கு ஒரு சிறப்பிடம் உண்டு. 1980ஆம் ஆண்டையொட்டி, அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்குச் செராக்ஸ் நிறுவனத்தின் லேசர் அச்சுப்பொறி ஒன்று வந்தது. தாள் சிக்கினால் பயனர்களுக்கு அறிவிக்கும் வசதியை அங்குப் பணியாற்றிய ரிச்சர்டு ஸ்டால்மன் முந்தைய அச்சுப்பொறியின் மென்பொருளில் சேர்த்திருந்தார். புதிய கருவியின் மூலநிரல் அவருக்குத் தரப்படவில்லை. இந்நிகழ்வைத் தம் சிந்தனையை மாற்றியவற்றுள் ஒன்றாக அவர் குறிப்பிட்டுள்ளார். 1983இல் அவர் குனூ திட்டத்தை அறிவித்தார்.

இன்று குனூ/லினக்ஸ் இயங்குதளங்களில் அச்சிடுதலை கப்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருள் கவனிக்கிறது. மைக்கேல் சுவீட் உருவாக்கிய இது 1999இல் வெளிவந்தது. கூட்டன்பிரிண்ட், எச்பிலிப் போன்ற திட்டங்கள் நூற்றுக்கணக்கான பழைய அச்சுப்பொறிகளுக்கு இயக்கிகளை வழங்குகின்றன. மேலே குறிப்பிட்ட லேசர்ஜெட் 1020 கருவிக்கும் தன்னார்வலர்களின் இயக்கி உள்ளது.

தமிழ்நாட்டில் இத்தகைய இயங்குதளங்கள் புதியன அல்ல. தமிழ்நாடு மின்னணு நிறுவனமான எல்காட் 2000களின் பிற்பகுதியில் சூசே லினக்ஸுக்கு மாறியது. சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு பாஸ் லினக்ஸை உருவாக்கியது. பழைய கணினி ஒன்றில் எடை குறைந்த லினக்ஸ் வழங்கலை நிறுவி, அதனை அச்சு வழங்கியாக அமைத்தால், பழைய அச்சுப்பொறி அதனுடன் இணைந்திருக்க, புதிய கணினிகளும் கைப்பேசிகளும் வலையமைப்பு வழியாக அச்சிடலாம். கப்ஸ் மென்பொருளின் நிர்வாகப் பக்கத்தை அக்கணினியின் உலாவியில் 631ஆம் துறை வழியாகத் திறந்து இதனைச் செய்யலாம். தமிழ் ஒருங்குறி எழுத்துகளும் இம்முறையில் படமாகவோ உட்பொதித்த எழுத்துருவாகவோ செல்வதால் சிதைவதில்லை.

கழிக்கும் முன்

மூன்றாம் தரப்பினரின் அச்சுப்பொறி இயக்கிகளைத் தன் இற்றைப்படுத்தல் சேவையின் வழியாக வழங்குவதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக மைக்ரோசாப்ட் 2023ஆம் ஆண்டில் அறிவித்தது. ஆகவே இப்போது வேலை செய்யும் இயக்கியின் நிறுவற்கோப்பை ஒரு குறுந்தகட்டிலோ விரலியிலோ சேமித்து, அச்சுப்பொறியுடனேயே வைத்திருப்பது பிற்காலப் பழுதறிதலைப் பெரிதும் எளிதாக்கும். அச்சுப்பொறியின் பெயர், இயங்குதளத்தின் பதிப்பு, பயாஸில் உள்ள துறை அமைப்பு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கருவியின் பின்புறம் ஒட்டிவைப்பதும் பயனுள்ள வழக்கமாகும்.

உண்மையாகவே பழுதடைந்து சரிசெய்ய இயலாத அச்சுப்பொறியைக் குப்பையில் இடக் கூடாது. இந்தியாவில் மின்னணுக் கழிவுகளுக்கான விதிகள் 2012 மே மாதம் நடைமுறைக்கு வந்தன. 2016, 2022 ஆகிய ஆண்டுகளில் அவை மாற்றியமைக்கப்பட்டன. அச்சுப்பொறிகளும் அவற்றின் மைக்கலன்களும் இவ்விதிகளின் கீழ் வருகின்றன. அவற்றைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பிக்க வேண்டும். அதற்கு முன் தற்சோதனைப் பக்கத்தை ஒரு முறை அச்சிட்டுப் பார்ப்பது நல்லது. அப்பக்கம் தெளிவாக வந்தால் அக்கருவி கழிவு அன்று. அதற்கு வேண்டியது ஓர் இயக்கி மட்டுமே.